விஸ்காம் படித்தால் என்ன கிடைக்கும்?

மே மாதம் வந்துவிட்டால் கே.கே. நகரில் பல வீடுகளில் இந்த வாக்குவாதம் தொடங்கிவிடும். பிளஸ் டூ முடித்த பிள்ளை, "விஸ்காம் சேரப்போறேன்" என்கிறான். விஷுவல் கம்யூனிகேஷன், அதாவது காட்சித் தொடர்புப் படிப்பு. அப்பா கேட்கிறார்: "சினிமாதான் வேணும்னா நேரா யார்கிட்டயாவது அசிஸ்டென்டா சேர்ந்துட வேண்டியதுதானே? அதுக்கு எதுக்குடா மூணு வருஷம் காலேஜ்?"

வேறு ஊராக இருந்தால் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போகலாம். இந்தப் பேட்டையில் முடியாது. வடக்கே நடந்தால் வடபழநி, அதை ஒட்டியே சாலிகிராமம். ஏவி.எம். ஸ்டூடியோ, பிரசாத் லேப், டப்பிங் தியேட்டர்கள், மாடிவீட்டு எடிட் ரூம்கள் என்று தொழில் முழுக்கக் கூப்பிடு தூரத்தில் வளர்ந்தது. நாகிரெட்டியின் விஜயா வாகினி ஸ்டூடியோ இருந்த நிலத்தில் இன்று மருத்துவமனையும் மாலும் நிற்கின்றன. ஆனாலும் சினிமாக்காரர்கள் இந்த வட்டாரத்தை விட்டுப் போய்விடவில்லை. விடியற்காலையில் யூனிட் வண்டிக்காக டீக்கடை வாசலில் நிற்பவர்களை இங்கே பார்க்கலாம். ஒரே கதையைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் உதவி இயக்குநர்களையும் பார்க்கலாம். இத்தனையும் கண்ணெதிரே நடக்கும்போது கல்லூரி எதற்கு என்று அப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அவருக்கான பதிலை இந்தப் பேட்டையின் பெயரிலிருந்தே தொடங்கலாம்.

கலைஞர் கருணாநிதி நகர்தான் கே.கே. நகர் ஆயிற்று. அந்தக் கருணாநிதி வசனம் எழுத, எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்து 1950-ல் வெளிவந்த படம் 'மந்திரி குமாரி'. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். படம் முடிவதற்கு முன்பே அவர் ஊர் திரும்பிவிட, மிச்சத்தை மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர். சுந்தரம் முடித்தார். தமிழே தெரியாமல் 15 ஆண்டுகள் தமிழ்ப் படங்களை இயக்கியவர் டங்கன். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை', 'மீரா' இரண்டும் அவர் எடுத்தவைதான்.

டங்கன் சென்னைக்கு வந்து சேர்ந்த விதத்தை விஸ்காம் சேர நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். அங்கே 1929-ல்தான் சினிமாவைப் பாடமாக வைத்தார்கள். உடன் படித்தவர்களில் மாணிக் லால் டாண்டன் என்ற இந்தியரும் ஒருவர். படிப்பு முடிந்து டாண்டன் அழைத்ததும், டங்கனும் இன்னொரு வகுப்புத் தோழரான மைக்கேல் ஒர்மலோவும் 1935-ல் இந்தியா வந்தார்கள். டாண்டன் இயக்கிய 'நந்தனார்' படத்துக்குக் கைகொடுத்தார்கள். அடுத்துத் தனக்கு வந்த ஒரு பட வாய்ப்பை டாண்டன் டங்கன் பக்கம் திருப்பிவிட்டார். அந்தப் படம்தான் 1936-ல் வந்த 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆர்., டி.எஸ். பாலையா இருவருக்கும் அதுதான் முதல் படம்.

கேமராவை நகர்த்தி எடுப்பதையும், நாடக மேடையின் பிடியிலிருந்து காட்சியை விடுவிப்பதையும் டங்கன் இங்கே செய்து காட்டினார் என்று சினிமா வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த வித்தையை அவர் வகுப்பில் கற்றார். ஆனால் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது, வகுப்பில் கூடப் படித்த சேக்காளி. இந்த இரண்டும்தான் இந்தப் படிப்பின் சாரம். ஒன்று, பார்க்கக் கற்பது. இன்னொன்று, கூட வேலை செய்ய ஆட்களைக் கண்டுபிடிப்பது. கேமராவின் பட்டன்களையும் சாஃப்ட்வேரையும் யாரும் எங்கேயும் கற்றுக்கொள்ளலாம். இவை இரண்டையும் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து கற்க முடியாது.

தமிழ்நாட்டில் சினிமாவை வகுப்பறைக்குக் கொண்டுபோன கதை பலர் நினைப்பதைவிடப் பழையது. புனே திரைப்படக் கல்லூரி பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் தொடங்கியது 1960-ல். அதற்கு 15 ஆண்டுகள் முன்பே, 1945-ல், சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பாடங்களாகிவிட்டன. அந்த வித்துதான் பிறகு தரமணியில் தனி நிறுவனமாக வளர்ந்தது. அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிடியூட் என்று பழைய ஆட்கள் சொல்வது அதைத்தான். இன்று அதன் பெயர் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். பல்கலைக்கழகத்தில் சினிமா படித்த ஒருவரின் கையால் அறிமுகமான நடிகரின் பெயரில் ஒரு சினிமாக் கல்லூரி நடப்பது பொருத்தம்தான்.

அங்கே படித்தவர்களின் பட்டியல் நீளமானது. '16 வயதினிலே' நிவாஸ், பி.சி. ஸ்ரீராம், ராஜீவ் மேனன், ரத்னவேலு என்று ஒளிப்பதிவாளர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். ஆனால் தனி ஆட்களின் பெருமையைவிட, அங்கே படித்தவர்கள் சேர்ந்து எடுத்த இரண்டு படங்களைப் பார்ப்பது பயன் தரும்.

முதலாவது 'அவள் அப்படித்தான்'. 1978 தீபாவளிக்கு வந்தது. இயக்குநர் ருத்ரய்யா இன்ஸ்டிடியூட் மாணவர். ஒளிப்பதிவு செய்த நல்லுசாமியும் ஞானசேகரனும் இன்ஸ்டிடியூட்காரர்களே. எழுத்தில் எழுத்தாளர் வண்ணநிலவனும் அனந்துவும் சேர்ந்துகொண்டார்கள். கலர்ப் படங்கள் கோலோச்சத் தொடங்கிய நேரத்தில் கறுப்பு வெள்ளையில், கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீப்ரியா மூவரையும் வைத்து, ஒரு பெண்ணின் கோபத்தைச் சமாதானப்படுத்தாமல் அப்படியே விட்டுவைத்த படம். வந்தபோது பெரிய கூட்டம் சேரவில்லை. இன்றும் விஸ்காம் வகுப்புகளில் அதை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பேசுகிறார்கள்.

இரண்டாவது 'ஊமை விழிகள்', 1986. ஆபாவாணன் தயாரிப்பு, அரவிந்தராஜ் இயக்கம், ரமேஷ்குமார் ஒளிப்பதிவு. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் ஒரு செட்டாகக் கிளம்பி வந்து, சினிமாஸ்கோப்பில், நட்சத்திரப் பட்டாளத்தோடு பெரிய வெற்றி கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் "இன்ஸ்டிடியூட் பசங்க" என்ற சொல் கோடம்பாக்கத்தில் மரியாதையோடு புழங்கியது. ஆர்.வி. உதயகுமார், ஆர்.கே. செல்வமணி போன்றவர்களுக்குக் கதவு திறந்ததில் அந்த வெற்றிக்குப் பங்கு உண்டு.

ஃபிலிம் காலத்து மாணவர்களுக்கு இன்றைய மாணவர்களுக்கு வாய்க்காத ஒரு கண்டிப்பு இருந்தது. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுவதால் நிமிடத்துக்கு 90 அடி தீரும். 400 அடி ரோல் ஒன்று நாலரை நிமிடத்துக்குள் காலி. மாணவனுக்குக் கிடைக்கும் ரோல் கொஞ்சம். அதனால் கேமராவை ஓடவிடும் முன் ரிகர்சல், அதற்கு முன் காகிதத்தில் படம் வரைந்து திட்டம், அதற்கும் முன் லைட் மீட்டரைக் கையில் பிடித்து அளவெடுப்பு. இன்று மெமரி கார்டில் மணிக்கணக்கில் எடுக்கலாம், அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். அந்தச் சுதந்திரம் நல்லதுதான். ஆனால் நல்ல ஆசிரியர்கள் முதல் வருடத்தில் அதைப் பிடுங்கிவைத்துக்கொள்கிறார்கள். "நாள் முழுக்க மொத்தம் பன்னிரண்டே படம், எதையும் அழிக்கக் கூடாது" என்று சொல்லிப் பிள்ளைகளை வீதிக்கு அனுப்புவது அப்படி ஒரு பயிற்சி.

சினிமா மட்டுமே இந்தப் படிப்பின் வேர் என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொரு வேர் எழும்பூரில் இருக்கிறது.

1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அதுதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இதற்கு முதல்வராக இருந்தவர். அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர், தன் மாணவர்களையும் நண்பர்களையும் திரட்டிக்கொண்டு 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. அவர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள், அந்த வருமானத்தில் ஓவியத்தையும் சிற்பத்தையும் தொடர்ந்தார்கள். "கலை சோறு போடுமா?" என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த மிக நேர்மையான பதில் இதுதான். சோற்றுக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று, இரண்டுக்கும் கை ஒன்றே. கல்யாண வீட்டு வீடியோ எடுத்துக்கொண்டே ஆவணப்படம் எடுக்கும் இன்றைய இளைஞர்கள் பலரும் அதே வழியில்தான் நடக்கிறார்கள்.

நடிகர் சிவகுமார் சினிமாவுக்கு வரும் முன் இந்தக் கல்லூரியில் ஓவியம் படித்தவர். ஊர் ஊராகப் போய், கோயில் முன்னால் உட்கார்ந்து, வெயில் ஏறி நிழல் நகர்வதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். ஒரு கோபுரத்தைப் பல மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு படிப்புதான் என்பதற்கு அவருடைய நீர்வண்ண ஓவியங்கள் சாட்சி. கலை இயக்குநர் தோட்டா தரணியும், ஓவியர் டிராட்ஸ்கி மருதுவும், இயக்குநர் பா. ரஞ்சித்தும் இதே வளாகத்தில் படித்தவர்கள். இன்று அங்கே ஓவியம், சிற்பம், சுடுமண், துணி வடிவமைப்பு ஆகியவற்றோடு காட்சித் தொடர்பு வடிவமைப்பும் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பாக இருக்கிறது.

எழும்பூரும் தரமணியும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு 'நாயகன்' நல்ல எடுத்துக்காட்டு. 1987-ல் வந்த அந்தப் படத்துக்காகச் சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் மும்பையின் தாராவியை எழுப்பியவர் தோட்டா தரணி. அதற்குள் வெளிச்சத்தையும் இருட்டையும் அளந்து வைத்தவர் பி.சி. ஸ்ரீராம். இருவருக்குமே அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. செட் என்பது வெளிச்சம் விழும் இடம். எங்கே ஜன்னல் வைத்தால் எங்கிருந்து ஒளி வரும் என்று ஓவியம் படித்தவருக்கும் தெரிய வேண்டும். சுவரில் என்ன நிறம் பூசினால் முகம் எப்படித் தெரியும் என்று கேமரா படித்தவருக்கும் தெரிய வேண்டும்.

சரி, விஸ்காம் எங்கிருந்து வந்தது? லயோலா கல்லூரி எண்பதுகளின் கடைசியில் தொடங்கிய துறை இதற்கு முன்னோடி. அப்போது தூர்தர்ஷனைத் தாண்டித் தமிழில் தொலைக்காட்சி இல்லை. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. தொடங்கியது, அதன் பின் சேனல் மேல் சேனலாக வந்தன. எடிட் செய்யவும், கேமரா பிடிக்கவும், கிராஃபிக்ஸ் போடவும், நிகழ்ச்சி எழுதவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். சென்னைக் கல்லூரிகளில் ஒன்றன்பின் ஒன்றாக விஸ்காம் துறைகள் முளைத்தன, பிறகு கோவை, திருச்சி, மதுரை என்று பரவின. விஜய் லயோலாவில் விஸ்காம் சேர்ந்து பாதியில் விட்டவர். ஜெயம் ரவியும் விஷாலும் அதே துறையில் பட்டம் பெற்றவர்கள். இந்தப் பெயர்களால்தான் விஸ்காம் என்றால் நடிகராகும் படிப்பு என்று ஊரில் நினைப்பு விழுந்துவிட்டது. உண்மையில் அந்த வகுப்பிலிருந்து வெளியே வருபவர்களில் பெரும்பாலோரின் பெயர் யாருக்கும் தெரியாது. விளம்பர நிறுவனத்திலும், செய்திச் சேனலின் எடிட் மேசையிலும், பத்திரிகையின் பக்க வடிவமைப்பிலும் அவர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

இத்தனைக்கும் பட்டத்தின் பெயர் பி.எஸ்ஸி. காமர்ஸ் குரூப் எடுத்த பிள்ளையும் சேரலாம். மூன்று வருடத்தில் ஓவியம், புகைப்படம், அச்சுத் தொழில்நுட்பம், விளம்பரம், திரைக்கதை, தொலைக்காட்சித் தயாரிப்பு, அனிமேஷன், ஊடகமும் சமூகமும் என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகிறார்கள். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் என்பது இதன் பலவீனம் என்று சிலர் சொல்வார்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதுவே பலம். இயக்குநராக வேண்டும் என்று வந்தவன் சவுண்டில் மனதைக் கொடுத்துவிடுவான். போட்டோகிராஃபி என்று வந்தவள் எழுத்துரு வடிவமைப்பில் போய் நிற்பாள். தனக்கு எது வரும் என்று கண்டுபிடிக்கும் செலவைக் கல்லூரியில் செய்வது மலிவு. முப்பது வயதில் தொழிலுக்குள் நின்றுகொண்டு கண்டுபிடிப்பது ரொம்ப விலை.

முதல் செமஸ்டரில் பல பிள்ளைகள் திகைத்துப்போவது கரித்துண்டைப் பார்த்துத்தான். கேமரா வாங்கிக்கொண்டு வந்தவனிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, எதிரே இருக்கும் நாற்காலியை வரை என்கிறார்கள். அவன் தனக்குத் தெரிந்த நாற்காலியை வரைகிறான்: நான்கு கால், ஒரு முதுகு. ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு, நாற்காலியை விட்டுவிடு, கால்களுக்கு இடையில் இருக்கும் காலி இடத்தை மட்டும் வரை என்கிறார். அந்தக் காலி இடங்களின் வடிவத்தை ஒவ்வொன்றாக வரைந்து முடித்தால், நடுவில் நாற்காலி தானாக வந்து நிற்கிறது. முதல்முறையாக அவன் எதிரே இருப்பதைப் பார்த்திருக்கிறான். பிறகு கேமராவில் ஃபிரேம் வைக்கும்போது ஆளுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தையும் அந்தக் கண் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

வெளிச்சப் பாடமும் அப்படித்தான். ஜன்னல் ஓரமாக ஒரு மாணவியை உட்கார வைக்கிறார்கள். முகத்தின் ஒரு பாதி வெளிச்சம், மறுபாதி கறுப்பு. இருட்டுப் பக்கத்தில் ஒரு தெர்மோகோல் அட்டையைப் பிடித்தால் கன்னம் மெல்ல எழுந்து வருகிறது. அட்டையை ஓரடி தள்ளிப் பிடித்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்து வயது கூடிவிடுகிறது. மூலம் சிறியதாக இருந்தால், தூரம் இரண்டு மடங்கானதும் அதிலிருந்து வரும் ஒளி கால்பங்காகிவிடும் என்ற இயற்பியல் விதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள், அது ஒரு முகத்தில் என்ன செய்கிறது என்று இங்கேதான் பார்க்கிறார்கள். பெரிய படங்களின் செட்டிலும் லைட்மேன் கையில் இதே தெர்மோகோல்தான் இருக்கும்.

சத்தத்தைப் பற்றி எந்த மாணவரும் முதலில் கவலைப்படுவதில்லை. முதல் குறும்படத்தைத் திரையில் போட்டதும் வசனத்துக்குப் பின்னால் ஃபேனும் ஃபிரிட்ஜும் தெருவில் போகும் ஆட்டோவும் சேர்ந்து ஒலிக்கும். அடுத்த படத்தில் அதே பிள்ளைகள் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வசனம் முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்க வைத்து அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்வார்கள். எடிட்டில் இரண்டு வசனங்களுக்கு நடுவே அந்த வெறும் சத்தத்தை வைத்தால்தான் வெட்டு தெரியாது. இதை யூடியூப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் அறுபது பேர் முன்னால் சொந்தப் படம் கேட்க முடியாமல் ஓடியதும் வரும் பாடம் மறக்காது.

எடிட்டிங் வகுப்பில் பெரும்பாலும் ரஷ்யாவின் லெவ் குலெஷோவிடமிருந்து தொடங்குகிறார்கள். 1919-ல் மாஸ்கோவில் தொடங்கிய உலகின் முதல் திரைப்படப் பள்ளியில் பாடம் நடத்தியவர் அவர். ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை எடுத்து, அதன் பக்கத்தில் ஒருமுறை சூப்புக் கிண்ணம், ஒருமுறை சவப்பெட்டி, ஒருமுறை ஒரு பெண் என்று ஒட்டிக் காட்டினார். முகம் மாறவில்லை. பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று மூன்று நடிப்பைக் கண்டார்கள். இதை மாணவர்கள் தங்கள் செல்போனிலேயே செய்து பார்க்கிறார்கள். செய்து பார்த்த பிள்ளை வாட்ஸ்அப்பில் வரும் அரசியல் வீடியோவையும் வேறு கண்ணோடு பார்க்கும். எது எதன் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று கேட்கும். கேமராவைத் தொடாமலே வேறு தொழிலுக்குப் போனாலும் இந்த ஒரு பழக்கத்துக்காகவாவது படிப்பு வீணாகாது.

இப்போது அப்பாவின் கேள்விக்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கார்த்திக் சுப்பராஜ் இன்ஜினீயரிங் படித்து மென்பொருள் வேலையில் இருந்தவர். லோகேஷ் கனகராஜ் வங்கியில் வேலை பார்த்தவர். இவர்கள் திரைப்படக் கல்லூரி வாசலை மிதிக்கவில்லையே?

மிதிக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு எது கல்லூரியாக அமைந்தது என்று பார்க்க வேண்டும். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் கெடு வைத்துக் குறும்படம் எடுத்தார்கள். நடுவர்கள் முகத்துக்கு நேரே குறை சொன்னார்கள். அடுத்த சுற்றில் மறுபடி எடுத்தார்கள். கூட வேலை செய்யும் நடிகர்களையும் கேமராமேன்களையும் எடிட்டர்களையும் அங்கேயே கண்டுபிடித்தார்கள். 2012-ல் 'பீட்சா', 2013-ல் 'சூது கவ்வும்' என்று அந்த செட் திரைக்கு வந்தது. கெடு, விமர்சனம், கூட்டாளிகள்: நல்ல கல்லூரி தருவதும் இவற்றைத்தான். தரத் தவறிய கல்லூரியில் மூன்று வருடம் இருப்பதைவிட அப்படி ஒரு போட்டியில் ஒரு வருடம் இருப்பது மேல்.

பாலு மகேந்திரா இரண்டு வழிகளுக்கும் பாலம் போட்டவர். மட்டக்களப்பிலிருந்து வந்து, புனேயில் ஒளிப்பதிவு படித்து, தமிழின் மிகச் சிறந்த ஒளிப்பதிவாளர்களில் ஒருவரானவர். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி என்று அவரிடம் உதவியாளர்களாக இருந்து கற்றவர்களின் வரிசை ஒரு பல்கலைக்கழகத் துறைக்குச் சமம். பிற்காலத்தில் 'சினிமாப் பட்டறை' என்று சாலிகிராமத்தில் பள்ளியும் நடத்தினார். 'கதை நேரம்' தொடருக்காகத் தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக்கியவர் அவர். தன்னிடம் இருப்பவர்கள் இலக்கியம் படித்தே ஆக வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். இன்றைய விஸ்காம் பாடத்திட்டங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான். ஹாலிவுட் இயக்குநர்களின் பெயர்களை ஒப்பிக்கும் மாணவருக்குப் புதுமைப்பித்தனின் ஒரு கதையைக் காட்சிகளாகப் பிரிக்கத் தெரியவில்லை என்றால், படிப்பில் ஓட்டை இருக்கிறது என்றே பொருள்.

வேறு ஓட்டைகளும் உண்டு. அறுபது பேருக்கு இரண்டே கேமரா, அதுவும் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. தொழிலில் ஒருநாள்கூட நிற்காதவர்கள் பாடம் நடத்தும் இடங்கள் இருக்கின்றன. பாடப் புத்தகங்கள் அநேகமாக ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளை, கண்ணில் தெளிவு இருந்தும் தேர்வுத் தாளில் தடுமாறுகிறது. கேமரா, ஒலி, எடிட்டிங் பற்றிப் பாடமாக வைக்கத்தக்க தரமான தமிழ் நூல்கள் நிறைய வர வேண்டும். பல்கலைக்கழகங்கள் உடனே கையில் எடுக்க வேண்டிய வேலை இது.

செலவு விஷயத்தில் கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. தரமணி நிறுவனமும் கவின் கலைக் கல்லூரியும் அரசு நிறுவனங்கள் என்பதால் கட்டணம் தனியாரோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. 2013-ல் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின் கலைப் பல்கலைக்கழகத்தோடு இவை இணைந்திருக்கின்றன. தரமணியில் முன்பு பட்டயமாக இருந்தவை இப்போது நான்கு ஆண்டு பி.வி.ஏ. பட்டங்கள்: இயக்கமும் திரைக்கதையும், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும், டிஜிட்டல் இன்டர்மீடியட். கடைசியாகச் சொன்னது, எடுத்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் ஷாட்டுக்கு ஷாட் ஒத்துப்போகச் செய்யும் வேலை. வெளியே அதிகம் தெரியாத பிரிவு, ஆனால் ஓ.டி.டி. தொடர்கள் வந்த பிறகு அந்த மேசைக்கு வேலை ஓயவில்லை. இயக்கத்துக்கு மட்டும் முண்டியடிப்பவர்கள் ஒலிப்பதிவையும் படத்தொகுப்பையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, வாக்கியம் எழுதினால் வீடியோ வந்துவிடுகிறதே என்ற கவலையும் இப்போது சேர்ந்திருக்கிறது. சுவரொட்டி வடிவமைப்பு, ஸ்டோரிபோர்டு, சாதாரண கிராஃபிக்ஸ் போன்ற தொடக்கநிலை வேலைகளை அது தொடத்தான் செய்கிறது. 2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் பேனர் வந்தபோது, சினிமா பேனர்களைக் கையால் வரைந்த ஓவியர்கள் சில ஆண்டுகளுக்குள் தொழிலை இழந்ததைச் சென்னை பார்த்திருக்கிறது. அதனால் ஒரே ஒரு சாஃப்ட்வேரை மட்டும் கற்றுக்கொடுக்கும் படிப்பை நம்பிப் பணம் கட்டுவது ஆபத்து. பத்துப் படங்களில் எது சரி, ஏன் சரி என்று சொல்லத் தெரிந்தவருக்கும், மழையில் நனைந்துகொண்டே இருபது பேரை வைத்து ஒரு காட்சியை எடுத்து முடிக்கத் தெரிந்தவருக்கும் வேலை இருக்கும்.

கல்லூரியைத் தேர்வு செய்யும் முன் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எடுத்த படங்களைப் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். கட்டடத்தையும் ஏ.சி. ஸ்டூடியோவையும் சுற்றிக் காட்டுபவர்கள் அந்தப் படங்களைக் காட்டத் தயங்கினால் அதுவே போதுமான தகவல். கேமராவை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வெளியே எடுத்துப் போக விடுவார்கள், இன்டர்ன்ஷிப்புக்கு யாரிடம் அனுப்புகிறார்கள், கடைசி செமஸ்டரில் போர்ட்ஃபோலியோ உண்டா என்று மாணவர்களிடமே கேட்கலாம். விண்ணப்பங்கள் பிளஸ் டூ முடிவுகளை ஒட்டி வெளியாகும். அரசு நிறுவனங்களில் இடங்கள் குறைவு, எந்தப் பிரிவுக்கு எந்தப் பாடம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அறிவிப்பிலேயே இருக்கும். கவின் கலைக் கல்லூரிக்கு வரையும் திறனைச் சோதிக்கும் தேர்வு உண்டு. அங்கே சேர நினைப்பவர்கள் இப்போதே ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கி, தினம் எதிரே இருப்பதில் ஏதாவது ஒன்றை வரையத் தொடங்கிவிடலாம்.